ஏறினால் முதல் பக்கம், இறங்கினால் ஒரு படம்

தக்காளி விலை ஏறும்போது காலை ஏழு மணிக்கெல்லாம் எனக்குப் போன் வந்துவிடும். திண்டுக்கல்லில் இருந்து ஒரு நிருபர், மதுரையில் இருந்து ஒருவர், ரொம்பவும் ஏறிவிட்டால் சென்னை டிவிக்காரர்களும். "அண்ணே, இன்னைக்குப் பெட்டி எவ்வளவு போச்சு?" என்பார்கள். சொல்வேன். "போன வாரம் எவ்வளவுண்ணே?" அதையும் சொல்வேன். ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். சிட்டைப் புத்தகம் எப்போதும் மேஜையிலேயே இருப்பதால் கேட்ட விலையை உடனே சொல்ல முடியும். அப்படித்தான் என் நம்பர் கைமாறி கைமாறி இத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விலை விழும்போது அந்தப் போன்கள் வருவதில்லை. விழுந்து, இன்னும் விழுந்து, யாராவது ஒருவர் ரோட்டோரம் பெட்டியைக் கவிழ்த்த பிறகுதான் வரும். அப்போது கேள்வியும் வேறு: "அண்ணே, எங்க கொட்டுறாங்க? போட்டோ எடுக்கணும்."

பொருளாதாரச் செய்தியில் பத்திரிகைகள் ஒரு பக்கமாக எழுதுகின்றன என்று பேச்சு வந்தால் நம் ஆட்கள் உடனே கட்சிக்குப் போய்விடுவார்கள். அது இவர்கள் பத்திரிகை, இது அவர்கள் பத்திரிகை, காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான் என்று. அதெல்லாம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காசுக்குச் செய்தி போடும் பழக்கத்தைப் பற்றி 2010-லேயே பிரஸ் கவுன்சில் குழு ஒன்று விரிவாக அறிக்கை எழுதியிருக்கிறது. ஆனால் நான் பார்க்கும் சாய்வுக்குக் காசும் தேவையில்லை, கட்சியும் தேவையில்லை. எல்லாப் பத்திரிகையும், எந்த ஆட்சியாக இருந்தாலும், ஒரே பக்கம்தான் சாய்கின்றன. விலை என்றால் அவர்களுக்கு வாங்குகிறவர் கொடுக்கும் விலை. விற்கிறவர் கைக்கு வரும் விலை அவர்கள் கணக்கில் விலையே இல்லை, அது விவசாயச் செய்தி.

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் கோடையில் தக்காளி சல்லிசாகக் கிடந்தது. கட்டுப்படியாகாமல் பலர் செடிக்கு மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், சிலர் ஆட்டை மாட்டை விட்டு மேயவிட்டார்கள். அதற்குமேல் மழையும் நோயும் சேர்ந்தன. ஜூன் கடைசியில் விலை எகிறியது. ஜூலையில் எங்கள் மண்டியிலேயே 14 கிலோ பெட்டி ஆயிரத்தைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளில் அரசு கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. டெல்லியில் மத்திய அரசு வேனில் வைத்து 90 ரூபாய்க்கு ஆரம்பித்துப் படிப்படியாகக் குறைத்து விற்றது. மெக்டொனால்ட்ஸ்காரர்கள் வடக்கே பல கடைகளில் பர்கரில் தக்காளி வைப்பதை நிறுத்தினார்கள்; அதுகூட நம் ஊர்த் தமிழ்ப் பத்திரிகையில் செய்தியாக வந்தது, ஒட்டன்சத்திரத்தில் யார் பர்கர் சாப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. ஆகஸ்டில் நேபாளத்தில் இருந்து தக்காளி வருகிறது என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். ஜூலை மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம், காய்கறி மட்டும் எடுத்தால் 37.34 என்று கணக்கு வந்தது. முதல் பக்கம், தலையங்கம், கார்ட்டூன், பெட்டிச் செய்தி என்று எதையும் விடவில்லை. என் போனுக்கு அந்த ஜூலையில் ஓய்வே இல்லை.

செப்டம்பரில் விழுந்தது. சாதாரணமாக விழவில்லை. மகாராஷ்டிரத்தில் மொத்த விலை கிலோ 3 ரூபாய், 5 ரூபாய் என்று போனது. இங்கேயும் அதே கதைதான், கொஞ்சம் முன்னே பின்னே. ஜூலையில் விலையைப் பார்த்து எல்லாரும் நாற்று நட்டிருந்தார்கள், எல்லாம் ஒன்றாகக் காய்த்துவிட்டது. முதல் பக்கம் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டது.

விலை விழுந்த ஒரு நாள் சிட்டையை இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பத்திரிகையில் நான் பார்த்ததே இல்லை. கள்ளிமந்தையம் பக்கத்தில் இருந்து வரும் பெரியவர் ஒருவர், எங்களிடம்தான் வழக்கமாகப் போடுவார். அன்று 40 பெட்டி கொண்டுவந்தார். பெட்டி 60 ரூபாய்க்குப் போனது. மொத்தம் 2400. நூற்றுக்குப் பத்து கமிஷன் 240. இறக்குகூலி பெட்டிக்கு 5 ரூபாய், 200. வண்டி வாடகை பெட்டிக்கு 20, அது 800. கழித்தால் 1160. பறிக்க வந்த நான்கு பெண்களுக்கு ஆளுக்கு 350 வீதம் 1400 கொடுக்க வேண்டும். கையில் இருந்து 240 போட்டால்தான் கூலி தீரும். நாற்று, உரம், மருந்து, குச்சி, கயிறு, சொட்டுநீர்க் குழாய், மூன்று மாத உழைப்பு எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. பறித்துக் கொண்டுவந்த செலவுக்கே 240 ரூபாய் குறைந்தது.

அவர் சிட்டையை வாங்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏப்பா, உங்க கமிஷனும் என் நட்டமும் ஒரே தொகையா வருதே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குப் பதில் இல்லை. முதலாளி கமிஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அன்றைக்கு மட்டும். பெரியவர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் ரோட்டில் எதையும் கொட்டவில்லை. அதனால் அவர் படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அன்றைக்கு மார்க்கெட்டுக்கு வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பது பேர் அவரைப் போலத்தான், சிட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்த ரோட்டில் கொட்டுகிற படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். சிவப்பாகத் தக்காளி சிதறிக் கிடக்கும், பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் நிற்பார், பின்னால் மாடு மேயும். கீழே நான்கு வரி: 'உரிய விலை கிடைக்காததால் விவசாயிகள் வேதனை.' மாவட்டப் பக்கத்தில். அதில் விலை என்ன, எத்தனை நாளாக இந்த விலை, பறிகூலி எவ்வளவு, போன வருடம் இதே வாரம் என்ன போனது என்று எதுவும் இருக்காது. விலை ஏறும்போது மட்டும் என்னிடம் போன வார விலையையும் போன மாத விலையையும் கேட்கத் தெரிகிறதே, இதற்கு ஏன் கேட்பதில்லை? ஏறும் விலை கணக்காக வருகிறது, விழும் விலை பரிதாபமாக வருகிறது. பரிதாபத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். கணக்கைப் பார்த்தால்தான் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டிக்குக் கமிஷன் நூற்றுக்கு இவ்வளவு என்றுதான். பெட்டி ஆயிரம் போனால் எங்களுக்கு நூறு, அறுபது போனால் ஆறு ரூபாய். ஆகவே விலை ஏறினால் எனக்கு லாபம்தான், இதை ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. சென்னையில் கோடம்பாக்கத்தில் இருக்கும் என் அக்காவிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் இதைத்தான் சொல்லுவாள்: "நீ மண்டிக்காரன், அப்படித்தான் பேசுவே. அரைக் கிலோ தக்காளிக்கு எழுபது ரூபா குடுத்துப் பாரு, அப்பத் தெரியும்." அவள் சொல்வதும் நியாயம்தான். வாடகை வீட்டில் ஒரு சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிடுகிற குடும்பத்துக்குக் காய்கறி விலை நேரே வயிற்றில் அடிக்கும். எங்கள் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களும் தக்காளியைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அதை முதல் பக்கத்தில் போடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே எழுத்து அளவில் மற்றதையும் போடு என்கிறேன்.

அக்காவிடம் ஒருமுறை கேட்டேன்: "பையனுக்கு ஸ்கூல் பீஸ் எவ்வளவு ஏறிச்சு?" ஒரு தொகை சொன்னாள். அந்த ஏற்றத்தை வைத்து வருடம் முழுக்க 200 ரூபாய் விலையில் தக்காளி வாங்கலாம். "பேப்பர்ல வந்துச்சா?" என்றேன். "அதெல்லாம் எதுக்குடா பேப்பர்ல போடுவான்" என்றாள்.

எதற்குப் போடமாட்டான் என்பதுதான் எனக்கு வேண்டிய கேள்வி. விலைவாசிக் குறியீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை உண்டு. நாம் 2023-ல் படித்த எண்களெல்லாம் 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த குறியீட்டில் இருந்து வந்தவை. அதில் ஒரு குடும்பம் நூறு ரூபாய் செலவு செய்தால் தக்காளிக்கு 57 காசு, வெங்காயத்துக்கு 64 காசு. கல்விக்கு 4 ரூபாய் 46 காசு. மருத்துவத்துக்கு 5 ரூபாய் 89 காசு. வீட்டு வாடகை வகையறாவுக்கு 10 ரூபாய் 7 காசு. 2022 ஏப்ரலில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றின் விலையை ஏறத்தாழ பத்தே முக்கால் சதவீதம் உயர்த்திக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அடுத்த வருடம் 12 சதவீதத்துக்கு மேல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர்கள் எந்தத் தெருவில் இல்லை? செய்தி வந்தது, ஒருநாள் வந்தது. மருந்துக்கடை வாசலில் மைக்கை நீட்டி 'மாத்திரை விலையைக் கேட்டால் கண்ணீர் வருகிறது' என்று யாரும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. காய்கறி விலை தினமும் மாறும், தினமும் செய்தி கிடைக்கும், ஒரு போனில் முடிந்துவிடும். பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு ஒருதரம் ஏறும், எந்தப் பள்ளியும் போனில் சொல்லாது. அப்புறம், முதல் பக்கத்தைத் திருப்பினால் விளம்பரம் யாருடையது? நகைக்கடை, ஜவுளிக்கடை, மனை விற்பவர், தனியார் கல்லூரி, தனியார் ஆஸ்பத்திரி. தக்காளி போடுகிற விவசாயி எந்தப் பத்திரிகைக்கும் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தது கிடையாது. தங்கம் விலையைப் பாருங்கள். காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு, சவரனுக்கு எத்தனை ரூபாய் கூடியது என்று நாள் தவறாமல் வருகிறது. கூடினாலும் வருகிறது, குறைந்தாலும் வருகிறது. அதே ஒழுங்கு ஏன் தக்காளிக்கு இல்லை என்று ஒரு நிருபர் தம்பியிடம் கேட்டேன். "கோயம்பேடு விலை போடுறோமேண்ணே" என்றார். போடுகிறார்கள்தான். கோயம்பேடு என்பது சென்னைக்காரர் கடைக்குப் போகுமுன் பார்க்கும் விலை. தோட்டத்தில் நின்று பார்க்கும் விலை எந்தக் கட்டத்தில் வருகிறது?

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பைக் பெட்ரோலுக்குக் கூடப் பத்தாத காசில் மூன்று தாலுகாவைப் பார்க்கிறார். அவருக்கு மேலே டெஸ்க்கில் இருப்பவர்கள் எல்லாம் நகரத்துக்காரர்கள். மாலையில் வீட்டுக்குப் போகும்போது காய்கறி வாங்கிப் போகிறவர்கள். அவர்களுக்குத் தக்காளி 100 ரூபாய் என்பது சொந்த அனுபவம், 4 ரூபாய் என்பது கேள்விப்பட்ட விஷயம். தனக்கு உறைப்பதுதான் மனிதனுக்குச் செய்தியாகத் தெரியும். இவர் அனுப்பும் செய்தியில் எது மாநிலம் முழுக்கப் போகும், எது திண்டுக்கல் பக்கத்தோடு நிற்கும் என்பதை முடிவு செய்வது அவர்கள்தான்.

விலை ஏறும்போது வரும் இன்னொரு வழக்கமான செய்தி இடைத்தரகர் கொள்ளை. அதில் நானும் வருகிறேன். ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் நுகர்வோர் கொடுக்கும் ரூபாயில் விவசாயிக்குப் போவது தக்காளியில் 33 சதவீதம், வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37 என்று போட்டிருந்தது. பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன, நல்லதுதான். ஆனால் மீதி மூன்றில் இரண்டு பங்கை ஏதோ ஒரே ஆள் மூட்டை கட்டிக்கொண்டு போனதுபோல எழுதியதுதான் சரியில்லை. இங்கிருந்து திருச்சூருக்குப் போகும் ஒரு லோடைப் பின்தொடர்ந்து பார்த்தால் தெரியும்: ஏற்றுகூலி, லாரி வாடகை, டீசல், சுங்கச்சாவடி, அங்கே இறக்குகூலி, அங்கே ஒரு கமிஷன், வழியில் நசுங்கியது, சில்லறைக் கடையில் மூன்றாம் நாள் அழுகியது, கடை வாடகை, கரண்ட். இதில் பதுக்குகிறவனும் இருக்கிறான், எடையில் அடிப்பவனும் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பொருளைப் போலத் தக்காளியைப் பதுக்க முடியாது, ஒரு வாரத்தில் தண்ணீராகிவிடும். அதைப் பதுக்கியதால்தான் விலை ஏறியது என்று எழுதும்போது மட்டும் சிரிப்பு வருகிறது. 'விவசாயிக்கும் நுகர்வோருக்கும் நடுவே' என்று எழுதிவிட்டு விவசாயிக்குக் கிடைத்தது என்ன என்ற எண்ணைப் போடாமலே செய்தியை முடித்துவிடுவார்கள். எண் என்னிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பேன்.

பாலுக்கும் இதே நிலைமை. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32-ல் இருந்து 35 ஆக்கியது, எருமைப்பால் 41-ல் இருந்து 44. கூடவே ஆரஞ்சு நிறப் பாக்கெட் பால், மாதாந்திரப் பால் அட்டை இல்லாதவர்களுக்கு, லிட்டர் 48-ல் இருந்து 60 ஆனது. தலைப்பு எது என்று சொல்ல வேண்டியதில்லை. 12 ரூபாய் ஏற்றம் ஒரே தடவையில் என்பது பெரிய செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் மாட்டுத் தீவனம், புண்ணாக்கு, தவிடு விலை அதற்கு முன்பு எத்தனை மாதமாக ஏறிக்கொண்டிருந்தது, பால்காரர்கள் எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது பலருக்கு அன்றுவரை தெரியாது. கொள்முதல் விலை ஏறாத மாதங்களைப் பற்றி யார் எழுதுவது?

இந்தச் சாய்வு உச்சத்துக்குப் போனதை நான் பார்த்தது 2025 கடைசியில். அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று கணக்கு வந்தது. இந்தக் குறியீடு தொடங்கியதில் இருந்து அவ்வளவு குறைவாக வந்ததே இல்லை. வரலாறு காணாத சரிவு, மக்களுக்கு நிம்மதி, இனி வட்டி குறையும், வீட்டுக்கடன் தவணை குறையும் என்று வணிகப் பக்கங்கள் கொண்டாடின. செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைத்ததும் ஒரு காரணம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் காய்கறி விலை முந்தைய வருடத்தைவிட 27.57 சதவீதம் குறைவு, உணவுப் பொருள் மொத்தமாக 5 சதவீதம் குறைவு. அதாவது காய்கறி போடுகிறவர் வருமானத்தில் பெரிய ஓட்டை. உங்கள் சம்பளம் ஒரே வருடத்தில் கால்வாசிக்கு மேல் குறைந்தால் 'ஊழியர் செலவு குறைந்தது, மகிழ்ச்சி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு தரப்பின் வருமானம்தான் மறுதரப்பின் விலை. இதை எழுதுவதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, வாரச் சந்தையில் ஒருநாள் நின்றால் போதும்.

அதோடு, போன வருட விலையோடு ஒப்பிட்டுச் சதவீதம் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி வானத்தில் இருந்ததால் 2024 ஜூலையில் விலை நன்றாகவே இருந்தும் கணக்கில் பெரிய வீழ்ச்சியாகத் தெரிந்தது. அந்த மாதப் பணவீக்கம் 3.54 சதவீதம், ஏறத்தாழ ஐந்து வருடத்தில் இல்லாத குறைவு என்று தலைப்பு. உள்ளே மூன்றாவது பத்தியில் 'கடந்த ஆண்டின் உயர் அடிப்படை காரணமாக' என்று ஒரு வரி. அதைப் படித்துப் புரிந்துகொண்டவர் எங்கள் டீக்கடையில் யாரும் இல்லை. எனக்குமே பேங்க்கில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஒருவர் பேப்பரில் கோடு போட்டு விளக்கிய பிறகுதான் பிடிபட்டது.

இதெல்லாம் வெறும் எழுத்து, எழுதிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம், பின்னாலேயே சட்டம் வராவிட்டால். வெங்காயத்தில் அதுதான் நடக்கிறது. 1980 தேர்தலில் இந்திரா காந்தி வெங்காய விலையைப் பிரசாரம் செய்தார், 1998-ல் டெல்லியில் வெங்காயம் ஒரு ஆட்சியையே கவிழ்த்தது என்று அரசியல்வாதிகள் எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் வெங்காயம் முதல் பக்கத்துக்கு வந்த சில நாட்களிலேயே டெல்லியில் கோப்பு நகர ஆரம்பித்துவிடும். 2019 செப்டம்பர் 29-ல் ஏற்றுமதித் தடை. அந்த டிசம்பரில் எகிப்து, துருக்கி வெங்காயம் கப்பலில் வருகிறது என்று பெரிய செய்தி. வந்து இறங்கியபோது இங்கே புது அறுவடையும் வந்துவிட்டது. மாநிலங்கள் வேண்டாம் என்றன. வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. கப்பல் வந்த செய்திக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குக் கிடைத்திருக்குமா? 2020 செப்டம்பரில் மறுபடி தடை. 2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, அக்டோபரில் டன்னுக்கு 800 டாலருக்குக் கீழே அனுப்பக்கூடாது என்று கட்டுப்பாடு, டிசம்பரில் முழுத் தடை. மார்ச் 31 வரை என்றவர்கள் அதையும் தாண்டி நீட்டித்தார்கள். 2024 மே 4-ல் தடையை எடுத்தபோதும் வரியை விட்டுவைத்தார்கள். அந்த மே மூன்றாவது வாரம்தான் வெங்காயம் விளையும் நாசிக் பக்கம் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. திண்டோரி தொகுதியில் மத்திய இணையமைச்சரே தோற்றார். தேர்தல் முடிவு வந்த பிறகுதான் 'வெங்காய விவசாயிகளின் கோபம்' என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக ஆய்வு வந்தது. நாசிக் பக்கத்து லாசல்காவ் வெங்காய மார்க்கெட்டில் அதற்கு முன்பு எத்தனை தடவை ஏலத்தை நிறுத்திப் போராடினார்கள்!

இப்படி அரிசி, சர்க்கரை, வெங்காயம் என்று மாற்றி மாற்றி ஏற்றுமதியைப் பூட்டியதால் விவசாயி இழந்தது எவ்வளவு என்று வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஈசிடியும் டெல்லியில் உள்ள இக்ரியர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018-ல் கணக்குப் பார்த்தன. 2000-ல் இருந்து 2016 வரை மொத்த வேளாண் வருவாயில் வருடத்துக்குச் சராசரியாக 14 சதவீதம் குறைந்தது என்றார்கள். உரத்துக்கும் கரண்டுக்கும் கொடுக்கும் மானியத்தைச் சேர்த்த பிறகும் அவ்வளவு. விவசாய மானியம் கஜானாவைக் காலி செய்கிறது என்று வருடா வருடம் பட்ஜெட் சமயத்தில் தலையங்கம் எழுதுகிறவர்கள் இந்த எண்ணை ஒருதரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

எங்கள் பக்கம் விஷயம் இன்னும் மோசம். இங்கே போடுவது சின்ன வெங்காயம். பல்லாரி என்று நாங்கள் சொல்லும் நாசிக் பெரிய வெங்காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வடக்கே சாம்பாருக்கு இதை யாரும் தேடுவதில்லை. தமிழ்நாட்டுக்குப் போக மிச்சம் இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று நம் ஆட்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். டெல்லியில் பல்லாரி விலை ஏறினால் தடை எல்லா வெங்காயத்துக்கும் சேர்த்து வருகிறது. அறுத்த வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்து இரண்டு மூன்று மாதம் காத்திருந்தவர் அதைப் பிரித்துக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு 2020 தடையின்போது பத்தாயிரம் டன் வரை அனுப்ப விலக்கு வாங்கினார்கள். 2024 மே மாதத்தில் வரியில் இருந்தும் விலக்கு வாங்கினார்கள். சின்ன வெங்காயத்துக்குத் தனி ஏற்றுமதிக் குறியீடு, அதாவது சுங்கக் கணக்கில் சரக்கைப் பிரித்துக் காட்டும் எண், கொடுங்கள், பல்லாரியோடு சேர்த்துக் கட்டாதீர்கள் என்று இங்குள்ள விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் தடை வந்த அன்று நம் பத்திரிகைகளில் எப்படி வந்தது தெரியுமா? வெங்காய விலை குறைய வாய்ப்பு, இல்லத்தரசிகள் நிம்மதி. டெல்லியில் இருந்து வந்த ஏஜென்சி செய்தியை மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள். நான் பார்த்த பேப்பர் எதிலும் இந்தத் தடையில் சின்ன வெங்காயமும் அடங்கும் என்ற வரி இல்லை. பெரம்பலூர், திண்டுக்கல், பல்லடம், தாராபுரம் என்று சின்ன வெங்காயம் விளையும் ஊரில் எல்லாம் அந்தப் பேப்பர் விற்கிறது.

நான் அந்த நிருபர் தம்பிக்குப் போன் பண்ணினேன். பட்டறை வைத்திருந்த மூன்று பேரின் பேரும், என்ன விலைக்கு எதிர்பார்த்தார்கள், தடை வந்த வாரத்தில் என்ன விலைக்கு விற்றார்கள் என்ற விவரமும் கொடுத்தேன். ஆர்வமாகத்தான் வந்தார், இடையகோட்டை வரை பைக்கில் போய்ப் பட்டறையைப் படம் எடுத்தார், நன்றாகவே எழுதினார். ரோஸ் வெங்காயத்தோடு ஒப்பிட்டு ஒரு பத்தி, தனிக் குறியீடு பற்றி ஒரு பத்தி. டெஸ்க்கில் அந்த இரண்டு பத்தியையும் வெட்டிவிட்டார்கள். படமும் 'விவசாயிகள் வேதனை'யும் மட்டும் வந்தது, திண்டுக்கல் பதிப்பில். தடை போடுகிற டெல்லி அதிகாரிக்குப் பத்திரிகைச் செய்தி வெட்டி ஒட்டிப் போகிறது என்கிறார்கள். அந்தக் கோப்பில் திண்டுக்கல் பதிப்பு இருக்காது.

"சென்னைக்கு அனுப்பிப் பாத்தியா தம்பி?" என்று கேட்டேன்.

"அனுப்பினேண்ணே. சின்ன வெங்காயம் விலை ஏறுச்சுன்னா சொல்லு, போடலாம்னாங்க."